ஜெர்மனிக்குக் கிளம்பும் மருமகனுக்காக

திருச்சி

அன்புள்ள மாப்ளே,

வாட்ஸ்அப்பில் பதில் போட்டு முடித்துவிடலாம் என்றுதான் பார்த்தேன். உன் பையனை, அதாவது என் மருமகனை, ஜெர்மனியில் முதுகலை படிக்க அனுப்புவது பற்றி நீ கேட்டிருப்பது அதில் அடங்காது என்பதால் பழைய பழக்கப்படி பேனாவை எடுத்துவிட்டேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். என் வீட்டில் உன் தங்கச்சிக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது பார்வை பளிச்சென்று இருப்பதால் என் மேஜைத் தூசியெல்லாம் அவள் கண்ணில் பட ஆரம்பித்துவிட்டது, அது ஒன்றுதான் தொந்தரவு. அங்கே உன் வீட்டில் என் தங்கச்சியின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறுவதைக் குறைக்கச் சொல்.

சரி, மருமகன் விஷயம். கன்சல்டன்சியில் "எங்களுக்கு ஃபீஸே வேண்டாம், அட்மிஷன் நிச்சயம்" என்று சொல்லி பெர்லினில் ஒரு தனியார் கல்லூரியைக் காட்டினார்கள், வருடத்துக்கு 12,000 யூரோ கட்டணம் என்று எழுதியிருந்தாய். எதிலும் கையெழுத்துப் போட்டுவிடாதே. உன்னிடம் வாங்காதவன் வேறு யாரிடமோ வாங்குகிறான். தனியார் கல்லூரிகள் ஆள் சேர்த்துக் கொடுப்பவர்களுக்குக் கமிஷன் தருகின்றன. அரசுப் பல்கலைக்கழகங்கள் அப்படித் தருவதில்லை. அதனால்தான் ஆகன், டிரெஸ்டன், மக்டபர்க் என்ற அரசுப் பல்கலைக்கழக ஊர்களின் பெயர்கள் அவர்கள் வாயில் வருவதே இல்லை.

ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் கிடையாது. செமஸ்டருக்குச் சில நூறு யூரோ பங்களிப்புத் தொகை மட்டும் உண்டு. பல ஊர்களில் பஸ், டிராம் பாஸும் அதிலேயே அடக்கம். விதிவிலக்குகளும் இருக்கின்றன. ஸ்டுட்கார்ட், கார்ல்ஸ்ரூ எல்லாம் இருக்கும் பாடன்-வூர்ட்டெம்பெர்க் மாநிலத்தில் நம்மைப் போன்ற வெளிநாட்டவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறார்கள். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 குளிர்காலச் செமஸ்டரிலிருந்து முதுகலைக்கு வெளிநாட்டவர்களிடம் செமஸ்டருக்கு 4,000 முதல் 6,000 யூரோ வரை வாங்க ஆரம்பித்துவிட்டது. ஒரு நிறுவனம் அரசா தனியாரா என்று தெரிய, மருமகனை ஹோக்ஷூல்கொம்பாஸ் என்ற பல்கலைக்கழகப் பட்டியல் தளத்தில் தேடச் சொல். எந்தப் படிப்பு ஆங்கிலத்தில் நடக்கிறது என்பதற்கு டி.ஏ.ஏ.டி. என்ற ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பின் தளம் இருக்கிறது. இரண்டுமே இலவசம். கன்சல்டன்சிக்காரனும் அதைப் பார்த்துத்தான் சொல்லப்போகிறான்.

தனியார் எல்லாமே மோசம் என்று சொல்லவில்லை. ஆனால் கணக்கைப் பார். இரண்டு வருடக் கட்டணம் 24,000 யூரோ, சாப்பாடு, தங்கும் செலவு ஏறக்குறைய அதே அளவு. யூரோவை நூறு ரூபாய் என்று வைத்தாலே 48 லட்சம். உன் கோவில்பட்டி வீட்டுப் பத்திரம் பேங்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். வங்கியில் என் கடன் மேஜையில் இப்படி வந்து நின்ற அப்பாக்களை நிறையப் பார்த்தவன் சொல்கிறேன்.

அடுத்தது, எந்தப் படிப்பு என்பது. மெக்கானிக்கல் முடிக்கப்போகிறவன் டேட்டா சயன்ஸுக்குப் போடலாமா என்று கேட்கிறான் போலிருக்கிறது. அங்கே முதுகலை என்பது பெரும்பாலும் இளங்கலையின் தொடர்ச்சி. கணிதத்தில் இத்தனை கிரெடிட், புரோகிராமிங்கில் இத்தனை கிரெடிட் என்று எண்ணிப் பார்ப்பார்கள். குறைந்தால் நிராகரிப்புதான், பையன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும். ஒவ்வொரு படிப்புக்கும் தகுதி விதிகளை ஒரு ஆவணமாகப் போட்டிருப்பார்கள். சில நேரம் அது ஜெர்மனில்தான் இருக்கும். மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டாவது முழுதாகப் படிக்கட்டும். அண்ணா பல்கலைக்கழகத்தின் சிலபஸ் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்து, தன் பாடங்களை ஒவ்வொன்றாக அதோடு பொருத்திப் பார்க்கட்டும். இதை மட்டும் ஒழுங்காகச் செய்தால் முப்பது பல்கலைக்கழகப் பட்டியல் ஏழெட்டாகச் சுருங்கிவிடும். பணமும் மிச்சம். யூனி-அசிஸ்ட் என்ற பொது அமைப்பு வழியாகப் போடும் விண்ணப்பங்களுக்கு முதலாவதற்கு 75 யூரோ, அதே செமஸ்டரில் அடுத்தடுத்து ஒவ்வொன்றுக்கும் 30 யூரோ. சில பல்கலைக்கழகங்கள் நேரடியாகவே வாங்கிக்கொள்கின்றன.

மதிப்பெண் போதுமா என்று தங்கச்சி கவலைப்படுவதாக எழுதியிருந்தாய். அங்கே 1.0 தான் உச்சம், 4.0 பாஸ் மார்க், நமக்கு நேர் தலைகீழ். மாற்றுவதற்குப் பவேரியச் சூத்திரம் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். உச்சமான பத்திலிருந்து இவனுடைய சராசரியான 7.9-ஐக் கழித்தால் 2.1. பத்துக்கும் பாஸ் ஆகும் ஐந்துக்கும் உள்ள வித்தியாசம் 5. முதலாவதை இரண்டாவதால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்டினால் 2.26 வருகிறது. பல படிப்புகள் 2.5 வரை ஏற்றுக்கொள்கின்றன. ஆகவே பயப்பட ஒன்றுமில்லை. நல்ல போட்டி உள்ள இடங்களில் மட்டும் இடிக்கும்.

ஆவணங்களில் முக்கியமானது ஏ.பி.எஸ். சான்றிதழ். நம் மார்க் ஷீட்டெல்லாம் அசல்தானா என்று டெல்லியில் ஜெர்மன் தூதரகத்தைச் சேர்ந்த பிரிவு சரிபார்த்துக் கொடுப்பது. 2022 நவம்பரிலிருந்து இது இல்லாமல் இந்திய மாணவர்களுக்கு விசா கிடையாது. கட்டணம் 18,000 ரூபாய். வருவதற்கு வாரக்கணக்கில் ஆகும் என்பதால் மற்ற எதையும்விட இதை முதலில் ஆரம்பிக்க வேண்டும். கூடவே ஒரு விஷயம்: இல்லாத கம்பெனியில் வேலை பார்த்ததாக அனுபவச் சான்று வாங்கித் தருகிறேன் என்று எவனாவது வருவான். விரட்டிவிடு.

குளிர்காலச் செமஸ்டர் அக்டோபரில் தொடங்கும். விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் ஜூலை 15 என்று பொதுவாகச் சொல்வார்கள். அதை நம்பி உட்காரக் கூடாது. வெளிநாட்டு மாணவர்களுக்கான ஆங்கிலப் படிப்புகளில் பல மார்ச், ஏப்ரல், மே மாதங்களிலேயே மூடிவிடுகின்றன. ஐ.ஈ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் தேர்வை இந்த வருடத்துக்குள் எழுதிவிடட்டும். பெரும்பாலும் 6.5 கேட்பார்கள், அவன் எடுத்துவிடுவான்.

ஏன் இந்தப் படிப்பு என்று விளக்கும் நோக்கக் கடிதத்தை அவனே எழுத வேண்டும். "சிறு வயது முதலே இயந்திரங்கள் மீது எனக்குத் தீராத ஆர்வம்" என்று ஆரம்பிக்கும் கடிதம் ஊருக்கு ஊர் ஜெராக்ஸ் போட்டதுபோல் சுற்றிக்கொண்டிருக்கிறது. இறுதியாண்டு புராஜெக்டில் எதைச் செய்தான், எங்கே மாட்டிக்கொண்டான், அந்தப் படிப்பில் எந்தப் பாடம் தனக்கு வேண்டும், ஏன் வேண்டும் என்று ஒரு பக்கத்துக்குள் எழுதினால் போதும். பரிந்துரைக் கடிதத்துக்குப் போனால் நம் பேராசிரியர்கள் "நீயே எழுதிக்கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன்" என்பார்கள். புராஜெக்டைக் கூட இருந்து பார்த்த ஆசிரியரிடம் போனால் இரண்டு வரியாவது உண்மையாகக் கிடைக்கும். துறைத் தலைவர் என்பதற்காக மட்டும் போகவேண்டாம்.

இனி பணம். இது என் பழைய தொழில், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்.

விசாவுக்கு முன் மாணவன் பெயரில் ஒரு முடக்கக் கணக்குத் திறந்து 11,904 யூரோ போடவேண்டும். கிட்டத்தட்ட பன்னிரண்டு லட்சம். இது கட்டணமில்லை, அவன் பணம்தான். அங்கே போனதும் மாதம் 992 யூரோவாக அவனுக்கே வரும். கல்விக் கடன் என்றால், அரசு வங்கிகளில் பொதுவாக ஏழரை லட்சம் வரை சொத்து ஈடு கேட்கமாட்டார்கள், அதற்கு மேல் கேட்பார்கள். கிளையில் ஒரு சிக்கல் வரும். அட்மிஷன் கடிதத்தில் கட்டணம் பூஜ்யம் என்று இருப்பதைப் பார்த்து, "ஃபீஸே இல்லாத படிப்புக்கு எதற்குக் கடன்?" என்று மேனேஜர் விழிப்பார். வாழ்க்கைச் செலவும் கல்விக் கடனில் சேரும் என்பதைப் பொறுமையாக எடுத்துச் சொல். படிப்புக் காலமும் அதற்குப் பிறகு ஒரு வருடமும் தவணை கிடையாது, ஆனால் வட்டி ஏறிக்கொண்டிருக்கும். அந்த வட்டியை மட்டும் உன் பென்ஷனிலிருந்து மாதாமாதம் கட்டிவிடு. கடைசியில் பெரிய தொகையாகத் தலையில் விழாது. சொந்தப் பணத்தை அனுப்பினால் ஒரு நிதியாண்டில் பத்து லட்சத்துக்கு மேல் போகும் தொகைக்கு வங்கி வரி பிடிக்கும். ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது அதைச் சரிக்கட்டிக்கொள்ளலாம். வங்கிக் கடன் வழியாகப் போகும் பணத்துக்குப் பிடிக்கமாட்டார்கள்.

"அங்கே போய்ப் பகுதி நேர வேலை பார்த்துக்கொள்வேன்" என்று அவன் சொல்வான். வருடத்துக்கு 140 முழு நாளோ 280 அரை நாளோ வேலை பார்க்க அனுமதி உண்டு. ஆனால் முதல் செமஸ்டரில் அந்தச் சம்பளத்தைக் கணக்கில் சேர்க்காதே. ஜெர்மன் தெரியாதவனுக்குச் சின்ன ஊரில் கிடங்கு வேலையும் பாத்திர வேலையும்தான் முதலில் அகப்படும். தேர்வோ அங்கே வேறு மாதிரி. பெரும்பாலான இடங்களில் ஒரு பாடத்துக்கு மூன்று வாய்ப்புதான். மூன்றாவதிலும் தோற்றால் வெளியே அனுப்பிவிடுவார்கள், அந்தப் படிப்பை நாட்டில் வேறெங்கும் தொடர்வதும் கடினம். அரியர் வைத்து எழுதிக்கொள்ளலாம் என்ற நம் ஊர்த் தைரியம் அங்கே செல்லாது. இதை அவனிடம் நீ சொல்லாதே, அட்வைஸ் என்று காதை மூடிக்கொள்வான். அங்கேயே படிக்கும் என் பெரிய மகள் சொல்லட்டும்.

மொழியை இங்கேயே தொடங்கிவிடுவது நல்லது. வகுப்பறை ஆங்கிலத்தில் நடந்தாலும், வேலைக்கான இன்டர்வியூ பல இடங்களில் ஜெர்மனில்தான். படிப்பு முடிந்தபின் வேலை தேட 18 மாதம் தருகிறார்கள். அந்த நேரத்தில் உட்கார்ந்து மொழி படிக்க முடியாது. வீடு கிடைப்பதும் பெரிய நகரங்களில் பெரும்பாடு. அட்மிஷன் வந்த அன்றே மாணவர் விடுதிக்கு எழுதிப்போடவேண்டும். அறையைப் பார்க்காமல் யாருக்கும் முன்பணம் அனுப்பக் கூடாது.

பெரியவள் கெம்னிட்ஸில் எம்பெடட் சிஸ்டம்ஸ் படிக்கிறாள் என்று சொன்னேன் அல்லவா? அந்த ஊருக்கு 1953 முதல் 1990 வரை கார்ல் மார்க்ஸ் நகர் என்றுதான் பெயராம். பெயரை மாற்றியபோதும் மார்க்ஸின் தலைச் சிலையை மட்டும் விட்டுவிட்டார்கள், ஏழு மீட்டர் உயரம். நம் யூனியன்காரருக்கு அனுப்பு என்று உன்னைச் சொல்லி ஒரு படம் அனுப்பியிருக்கிறாள், உறைக்குள் வைத்திருக்கிறேன். வாடகை மலிவு, கூட்டம் குறைவு, குளிர்தான் அதிகம் என்கிறாள். மியூனிக், பெர்லின் என்று பெயருக்காக ஓடாமல் இப்படிப்பட்ட ஊர்களையும் மருமகன் பட்டியலில் சேர்க்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு மேல் அவளுக்குப் போன் செய்யச் சொல், அங்கே அப்போது மத்தியானம். அதற்கு முன் ஆறு செமஸ்டர் மார்க் ஷீட்டையும் சிலபஸ் பிடிஎஃப்பையும் அவளுக்கு மெயிலில் அனுப்பிவிட வேண்டும், இல்லாவிட்டால் பேசுவதற்கு ஒன்றும் இருக்காது என்று கறாராகச் சொல்லிவிட்டாள். கடனுக்கான காகிதங்களை எடுத்துக்கொண்டு நீ ஒருமுறை திருச்சிக்கு வா. எந்த வங்கி, எவ்வளவு என்பதை நேரில் உட்கார்ந்து பார்த்துக்கொள்வோம்.

அன்புடன்,
உன் மாப்ளே