செயலாளர் ஆண்டறிக்கை: பஞ்சின் சுவரைக் கட்டும் நொதி

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, பருத்தி விவசாயப் பெருமக்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் எழுந்த ஒரு கேள்விக்கே இவ்வாண்டின் மாதக் கூட்டங்களில் பெரும்பாலானவற்றைச் செலவிட்டோம். நம் உறுப்பினர்கள் சிலரின் கடைசி எடுப்புப் பருத்தியை வாங்க வந்த வியாபாரி ஒருவர், நீளத்தில் குறை சொல்லாமல், "முற்றாத பஞ்சு, மைக்ரோனேர் இல்லை" என்று விலையைக் குறைத்தார். மைக்ரோனேர் என்பது இழையின் நுண்மையையும் முதிர்ச்சியையும் சேர்த்துக் காட்டும் அளவு. நீளம் நிறைந்த பஞ்சு எப்படி முற்றாமல் இருக்கும் என்று அன்று உறுப்பினர்கள் கேட்டார்கள்; எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை. இப்போது சொல்ல முடிகிறது என்பதில் எனக்கு மனநிறைவு.

பருத்தி இழை ஒவ்வொன்றும் விதையின் மேல்தோலிலிருந்து நீளும் ஒரே ஒரு செல். பூ மலரும் நாளில் சிறு புடைப்பாகத் தொடங்கி, ஏறக்குறைய மூன்று வாரங்களில் 2.5 முதல் 3 சென்டிமீட்டர் வரை அது வளர்கிறது. அதுவரை அதன் சுவர் மிக மெல்லியது. பூத்த 16 முதல் 20 நாட்களுக்குள் சுவரின் உட்பக்கம் செல்லுலோஸ் அடுக்கடுக்காகப் படியத் தொடங்குகிறது. காய் வெடிக்கும்போது இழையின் எடையில் 90 விழுக்காட்டுக்கு மேல் செல்லுலோஸ்தான். ஆகவே நீளம் முதலில் வருகிறது, கனம் பின்னர் வருகிறது. பின்பாதியில் செடி வாடினால் நீளம் கெடாமல் கனம் மட்டும் கெடும். அந்த வியாபாரி சொன்னது உண்மையே என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

அந்தக் கனத்தை உண்டாக்குவது செல்லுலோஸ் சிந்தேஸ் என்னும் நொதி. செல்லுலோஸ் என்ற பொருளைப் பிரெஞ்சு வேதியியலாளர் ஆன்செல்ம் பாயன் 1838-இல் பிரித்துக் காட்டினார். ஆனால் செடியில் அதைக் கட்டும் நொதிக்கான மரபணுக்கள் 1996-இல்தான் அடையாளம் காணப்பட்டன. டெபோரா டெல்மர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் அவற்றைக் கண்டெடுத்தது, கனம் பிடிக்கும் பருவத்துப் பருத்தி இழையில் என்பது நமக்குப் பெருமை தரும் செய்தி. நொதி செல்லின் சவ்வில் பதிந்திருக்கிறது. உள்ளிருந்து யுடிபி-குளுக்கோஸ் என்னும், குளுக்கோஸைச் சுமந்துவரும் மூலப்பொருளைப் பெற்று, அதன் குளுக்கோஸை ஒன்றன்பின் ஒன்றாக, ஒவ்வொன்றையும் முந்தையதற்குத் தலைகீழாகத் திருப்பிக் கோத்து, சங்கிலியைச் சவ்வுக்கு வெளியே தள்ளுகிறது. இத்தகைய நொதிகள் ஆறு இதழ்ப் பூப்போலக் கூடி நிற்கின்றன. இதழுக்கு மூன்றாகப் பதினெட்டு என்பதே இப்போது பெரும்பாலோர் ஏற்கும் கணக்கு. பதினெட்டுச் சங்கிலிகளும் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே நுண்ணிழையாகின்றன. நம் ஊரில் கயிறு திரிப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை.

நுண்ணிழை எந்தத் திசையில் படிய வேண்டும் என்பதற்கும் செல்லுக்குள் வழி உண்டு. நொதிக் கூட்டம் சவ்வுக்கு அடியிலுள்ள நுண்குழல்களின் தடத்தையொட்டி நகர்வதை, 2006-இல் அரபிடாப்சிஸ் என்னும் சிறு செடியில் உயிருள்ள நிலையிலேயே பார்த்தார்கள். அதன் வேகம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 300 நானோமீட்டர். அதாவது ஒரு மில்லிமீட்டர் கடக்க இரண்டு நாட்களுக்கு மேலாகும். இன்னும் இரண்டு நொதிகளைக் குறிப்பிட வேண்டும். இலையிலிருந்து வரும் சர்க்கரையை உடைத்து யுடிபி-குளுக்கோஸாக்கித் தருவது சுக்ரோஸ் சிந்தேஸ். கோரிகன் என்பது செல்லுலோஸ் சங்கிலியை வெட்டும் வகை நொதி. ஆயினும் அது பழுதுபட்ட செடியில் செல்லுலோஸ் குறைகிறது. வெட்டுகிறவனும் கட்டுமானத்துக்கு வேண்டியிருக்கிறான் என்பது கூட்டத்தில் பலரை வியப்பில் ஆழ்த்தியது.

இவற்றைக் காதால் கேட்டால் போதாது என்று கருதி, ஒரு செயல்விளக்கம் நடத்தினோம். உறுப்பினர் ஒருவரின் காட்டில், பூ வெளிறிய மஞ்சளாக மலர்ந்த அன்றே காம்பில் நூல் கட்டினோம். மறுநாள் அது சிவந்துவிடும், பிறகு நாள் தெரியாது. இருபதாம் நாள் பறித்த காயில் பஞ்சு ஈரமாக, நெல்லுச் சோற்றுப் பருக்கைபோல ஒட்டிக் கிடந்தது. முற்றி வெடித்த காயின் இழையையும், வறண்ட மேட்டுப் பகுதியில் அரைகுறையாக வெடித்த காயின் இழையையும் 18 விழுக்காடு காஸ்டிக் சோடாவில் ஊறவைத்து நுண்ணோக்கியில் வைத்தோம். முன்னது உருண்டு திரண்டு, நடுத்துளையே தெரியாத கம்பிபோல நின்றது. பின்னது காற்றில்லாத சைக்கிள் ட்யூப்போலத் தட்டையாக முறுக்கிக் கிடந்தது. நம் மூத்த உறுப்பினர் ஒருவர் வெகுநேரம் கண்ணை எடுக்காமல் பார்த்துவிட்டு, "இதுக்குத்தான் சாயம் ஏறாமப் போகுதா" என்று கேட்டார். அதற்குத்தான், சுவர் கனக்காத இழையில் சாயம் ஏறாமல் துணியில் வெளிர்ப் புள்ளிகளாகத் தெரிகிறது.

நொதி சோர்ந்துபோகும் காரணங்களையும் பேசினோம். இரவுக் குளிர் கூடினால் செல்லுலோஸ் படிவது மந்தமாகிறது. இலை உதிர்ந்தாலோ, வாடினாலோ, சாம்பல் சத்து (பொட்டாசியம்) குறைந்தாலோ சர்க்கரை வரத்து குறைகிறது. காய் பிடித்த பின் தண்ணீரை நிறுத்திவிடும் வழக்கத்தை இறவைப் பருத்தி உறுப்பினர்கள் மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மானாவாரியில் நம் கையில் இருப்பது விதைப்புத் தேதி ஒன்றே. அதைத் தள்ளிப்போடாதிருக்க வேண்டும். முற்றிய முதல் எடுப்பையும் நோஞ்சான் கடைசி எடுப்பையும் ஒரே குவியலில் கலக்க வேண்டாம் என்பது குழுவின் ஒருமித்த தீர்மானம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். நுண்ணோக்கி தந்து உதவிய பள்ளி ஆசிரியருக்கும், காட்டைத் திறந்துவிட்ட உறுப்பினருக்கும் சங்கத்தின் நன்றி. வரும் பருவத்தில் ஒவ்வொரு உறுப்பினரும் தம் காட்டில் பத்துப் பூக்களுக்காவது நூல் கட்டி, மலர்ந்த நாளையும் வெடித்த நாளையும் குறித்துவர வேண்டுகிறேன். நூல்கண்டும் குறிப்பேடும் சங்க அறையில் உள்ளன. விதைப்புக்கு முன் வந்து பெற்றுக்கொள்ளலாம்.

இங்ஙனம்,
செயலாளர்