ராத்திரி 7.95

கன்னங்குறிச்சி,
தை 14

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்குப் பனியில் முழங்கால் வலி கொஞ்சம் அதிகம், தைலம் தேய்த்துக்கொண்டு நடக்கிறாள். பொங்கலன்று நீ ஐந்து நிமிஷம் பேசியதை இன்னும் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். எனக்கு அந்த ஐந்து நிமிஷம் போதவில்லை. போனில் பேசினால் அவள் பக்கத்திலேயே நின்று ஸ்பீக்கரில் போடச் சொல்கிறாள். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

உன் பவளத் தொட்டியைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

நீ என் போனில் போட்டுக்கொடுத்த ஆப்பைத் தினமும் காலையில் காப்பிக்கு முன்னால் பார்த்துவிடுகிறேன். பேப்பர் படிப்பது அப்புறம்தான். இரண்டு வருஷமாக உப்பு 35-ஐ விட்டு அசையாமல் நின்றது. இந்த ஒரு மாதத்தில் மூன்று முறை 36.3 வரை ஏறி, ஒரே மணி நேரத்தில் 35-க்கு விழுந்திருக்கிறது. ஆவியாகும் தண்ணீரை ஈடுகட்டும் டாப்-அப் டப்பா காலியாகிக் கிடந்து, நீ பார்த்தவுடன் பத்துப் பதினோரு லிட்டர் ஆர்ஓ தண்ணீரை அப்படியே கவிழ்த்திருக்கிறாய். ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும், உப்பு அங்கேயேதான் இருக்கும் என்று உனக்கு நான் சொல்லித்தர வேண்டுமா? ஹீட்டர் ஓடும் வீட்டில் காற்று வறண்டு கிடக்கும், இன்னும் வேகமாகக் குறையும். குறைந்துவிட்டாலும் ஒரே மூச்சில் ஊற்றக் கூடாது. ஒரு நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு இறக்கு.

அந்த டப்பாவை வியாழனும் ஞாயிறும் நிரப்புவது மாப்பிள்ளை வேலை என்று நினைத்திருந்தேன். சரி, அவருக்கு ஆபீஸில் வேலை அதிகமாக இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை நீ அனுப்பும் கேஹெச் (தண்ணீரின் கார்பனேட் அளவு) படம் ஆறு வாரமாக வரவில்லை. கால்சியம் 420, மக்னீசியம் 1300, கேஹெச் 8.5 என்று மூன்று வரி வரும். அதை நோட்டில் எழுதி வைத்துவிட்டுத்தான் கடைக்குப் போவேன். இப்போது ஆறு கட்டம் காலி. பவளம் வளர்ந்துகொண்டே இருக்கிறது, தினமும் சாப்பிடுகிறது. கேஹெச் ஏறக்குறைய 2.8 டிகிரி செலவானால் கால்சியம் 20 பிபிஎம் செலவாகும். கால்சியம் 420-ல் 20 போனால் யாருக்கும் தெரியாது, 8.5-ல் 2.8 போனால் தொட்டி படுத்துவிடும். அதனால்தான் மற்றதை மாதம் ஒரு முறை பார்த்தாலும் கேஹெச்சை வாரம் தவறாமல் பார் என்று சொன்னேன். பார்த்துவிட்டு உடனே சரிசெய்கிறேன் என்று கிளம்பாதே. உன் 300 லிட்டருக்கு ஒரு டிகிரி ஏற்ற 9 கிராம் பேக்கிங் சோடா போதும். அதையும் இரண்டு நாளாகப் பிரித்துப் போடு. ஒரு நாளைக்கு அரை டிகிரிக்கு மேல் வேண்டாம். மெதுவாக, பாப்பா.

பிஹெச்தான் எனக்குப் புரியவில்லை. ஆடி மாதம் ஏசி போட்டு அடைத்த வீட்டில் நாம் நான்கு பேர் இருந்தோம், ராத்திரி 7.65 வரை இறங்கியது. அம்மா பயந்துபோய், நாம் ஊருக்குப் போய்விடலாமா என்று கேட்டாளே, ஞாபகம் இருக்கிறதா? நாங்கள் கிளம்பிய பிறகு 7.8. போன குளிர்காலத்திலும் அதே 7.8-தான். அடைத்த வீட்டில் மனுஷர் விடும் மூச்சு தண்ணீரில் கரையும், பிஹெச் இறங்கும். இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. இந்த மார்கழி இரண்டாம் வாரத்திலிருந்து ராத்திரி 7.95-க்குக் கீழே ஒரு நாள்கூடப் போகவில்லை.

ஜன்னலைத் திறந்துவைத்துத் தூங்குகிறாயா? அந்தக் குளிரில் வேண்டாம். இல்லை, அழுக்கை நுரையாக எடுக்கும் ஸ்கிம்மருக்குக் காற்றுக்குழாயை வெளியே விட்டிருக்கிறாயா? அப்படியென்றால் நல்லது, முன்பே செய்திருக்கலாம். சுண்ணாம்புத் தெளிநீர் காரணமாக இருக்க முடியாது. அது டாப்-அப்போடுதான் போகிறது, டப்பாவே காலியாகக் கிடக்கும்போது பிஹெச் குறையத்தான் வேண்டும். லேபில் முப்பத்தொரு வருஷம் கணக்குப் போட்ட மனுஷனுக்கு இது கஷ்டமான கணக்கு இல்லை. நான் போட்டுப் பார்க்கவில்லை.

குளிருக்கு ஸ்வெட்டர் போட்டுக்கொள். வேளாவேளைக்குச் சாப்பிடு. ஒரு ஆளுக்குத்தானே என்று சமைக்காமல் இருக்காதே.

மூக்கனேரி இந்த வருஷம் நிரம்பிக் கிடக்கிறது. வாக்கிங் போகும் இடத்தில் உன் தொட்டிப் படத்தைக் காட்டாத ஆள் பாக்கி இல்லை. கடலே இல்லாத ஊரில் பிறந்த பெண் கனடாவில் உட்கார்ந்து கடலைச் செய்கிறாள் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள். எனக்குத்தான் தெரியும். மாமாங்கத்துக்குப் பக்கத்தில் வெள்ளைக் கரட்டை வெட்டி மேக்னசைட் எடுத்தார்கள், அதில் சுண்ணாம்பு எவ்வளவு, மக்னீசியம் எவ்வளவு என்று லேபில் பார்த்துச் சொன்னவன் நான். சிவப்பு நீலமாக மாறும் அந்த ஒரு சொட்டை, ஸ்டூலில் ஏற்றிவிட்டு உனக்கு நான்தான் காட்டினேன். நீ வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாய். நீ கால்க்வாஸர் என்று பெரிய பெயர் சொன்னபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அம்மாயி வெற்றிலைச் சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றி வைப்பாளே, மேலே ஆடை கட்டுமே, அதே சுண்ணாம்புதான். அந்த ஆடையும் காற்றிலிருக்கும் கரியமில வாயு செய்கிற வேலைதான். நம் போர் தண்ணீரில் பருப்பு வேகாது, கெய்சர் கம்பியில் வெள்ளையாகப் படியும். உன் பம்பில் படிவதும் அதுதான், வினிகரில் ஊறப்போட்டால் போய்விடும். மக்னீசியம் குறையாமல் பார்த்துக்கொண்டால் அவ்வளவு படியாது. கால்சியமும் கார்பனேட்டும் தண்ணீரிலேயே கட்டிக்கொண்டு கல்லாகிவிடாமல் அதுதான் குறுக்கே நிற்கிறது.

இவ்வளவு தெரிந்தவன் செய்ததைக் கேள்.

ஆடி மாதம் நீ மாண்ட்ரியல் போயிருந்த நான்கு நாளில் இரண்டாவது ராத்திரி. தூக்கம் வரவில்லை. கேஹெச் பார்க்கலாம் என்று கிட்டை எடுத்தேன். மாப்பிள்ளை வேலை முடித்துவிட்டு ஹால் சோபாவிலேயே தூங்கிவிட்டார். எழுப்ப வேண்டாமென்று விளக்கைப் போடவில்லை. தொட்டியின் நீல வெளிச்சத்திலேயே சொட்டு விட்டேன். நீல வெளிச்சத்தில் எந்த நிறம் எந்த நிறமாகத் தெரியும்? லேபில் வெள்ளை டைலுக்குமேல் வைக்காமல் ஒரு பையன் டைட்ரேஷன் பண்ணினால் பிப்பெட்டைப் பிடுங்கி வைத்துவிடுவேன். நிறம் மாறிவிட்டது என்று பாதியிலேயே நிறுத்தினேன். 6.2 வந்தது. ஒத்த அளவு இரண்டு முறை வரும்வரை விடாதே என்று பிளஸ் டூவில் உன்னை அழவைத்தேனே, நான் ஒரு முறைதான் பார்த்தேன்.

20 கிராம் சோடாவை ஒரே டம்ளரில் கலக்கி ஊற்றினேன். மெதுவாக என்று உனக்கு இத்தனை தடவை எழுதுகிறேன்.

காலையில் வெளிச்சத்தில் பார்த்தால் 10-க்கு மேல். கை நடுங்கிவிட்டது. அதை மறைக்க வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. அவசரமாக உப்புத் தண்ணீர் கலக்கி, சரியாகக் கரைவதற்கும் சூடாவதற்கும் முன்னால் மூன்றில் ஒரு பங்கை மாற்றினேன். ராத்திரி ஏற்றிவிட்டு காலையில் இறக்கினேன். கட்டைவிரல் அளவில் நீங்கள் இரண்டு பேரும் வாங்கி வந்து, தாம்பாளம் அளவுக்கு வளர்த்த ஊதா அக்ரோபோரா பவளம் மறுநாள் சாயங்காலம் அடியிலிருந்து உரிய ஆரம்பித்தது. நீ வந்தபோது வெள்ளை எலும்பு.

மருந்தை அளந்து விடும் டோசிங் பம்பைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுத்தானே போனேன் என்று மாப்பிள்ளையை நீ கேட்டாய். அவர் என்னைப் பார்த்தார். சோடா டப்பா மூடி திறந்தபடி சமையல் மேடையில்தான் இருந்தது, அவர்தான் அதை மூடி உள்ளே வைத்தார். அவருக்குத் தெரியும், பாப்பா. ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அன்றைக்கு ராத்திரி உங்கள் அறையில் சத்தம் கேட்டது. நான் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டேன். அம்மாவுக்குக்கூட இது தெரியாது.

ஒரு பவளத்துக்காக யாரும் அப்படிச் சண்டை போட மாட்டார்கள், வேறு ஏதாவது இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன். இருக்கலாம். எது இருந்தாலும் இது என் கணக்கில் இருக்க வேண்டியது, அவர் கணக்கில் இருக்கிறது.

நம் மல்கோவா மரம் பூத்துவிட்டது. வைகாசியில் வருகிறேன் என்றாயே, டிக்கெட் போட்டாயா? டாப்-அப் டப்பாவைத் தினமும் காலையில் ஒரு தடவை எட்டிப் பார். கேஹெச் பார்க்கும்போது ஹால் விளக்கைப் போட்டுக்கொள். அரை டிகிரிக்கு மேல் வேண்டாம்.

மாப்பிள்ளைக்கும் தனியாக ஒரு கடிதம் எழுதி ஒட்டி வைத்திருக்கிறேன். கவரில் எந்த விலாசம் எழுதட்டும்?

அன்புடன்,
அப்பா