குடிக்காத மாமாவுக்கு

அன்புள்ள மாமா,

நேற்று அஸ்தம்பட்டியில் ஒரு கல்யாணத்தில் சொந்தக்காரர் ஒருவர் என்னை ஓரமாக அழைத்து, "கணையம் வீங்கினால் காரணம் ஒன்றுதானே?" என்று கேட்டுவிட்டுக் கட்டைவிரலை வாய்ப்பக்கம் கொண்டுபோனார். அவருக்கு அங்கேயே பதில் சொல்லிவிட்டேன். ஆனால் இந்தப் பேச்சு ஏற்காடுவரை ஏறிவிட்டது, அதற்குக் கூசித்தான் நீங்கள் டீக்கடைப் பக்கம்கூடப் போவதில்லை என்றார் அத்தை. அதனால் எல்லோரும் படிக்கும்படியே எழுதுகிறேன்.

கணைய அழற்சிக்குப் பித்தப்பைக் கல்லும் குடியும்தான் பெரிய காரணங்கள். உங்களுக்குக் கல் இல்லை. குடி வாழ்நாளிலேயே இல்லை. மூட்டுவலிக்கு மாதக்கணக்கில் கடையில் வாங்கிப் போட்ட மாத்திரை இரைப்பையைப் புண்ணாக்கியது. புண் கசிந்து மலம் தாராகக் கறுத்ததை நீங்கள் யாரிடமும் சொல்லவில்லை. மிளகு பறிக்க ஏணியில் கால் வைத்தவர், சில்வர் ஓக் மரத்தைப் பிடித்தபடியே சரிந்தீர்கள். 20 கொண்டை ஊசி வளைவுகளையும் 108 வண்டி இறங்கி முடிக்கும்வரை உங்கள் கை என் கைக்குள் இருந்தது. பனியில் கிடந்த கல்லைப் போலச் சில்லிட்டிருந்தது.

ரத்தம் அவ்வளவு குறைந்தால், உடம்பு மூளையையும் இதயத்தையும் காக்கப் பார்க்கும். வயிற்று உறுப்புகளுக்குப் போகும் ரத்தத்தைச் சுருக்கிவிடும். கணையத்தின் செல்களுக்குள் செரிமான நொதிகள் அடங்கிக் கிடக்கின்றன. ரத்தம் கிடைக்காமல் அந்தச் செல்கள் சிதைந்தால், குடலுக்குப் போய் வேலை செய்ய வேண்டிய நொதி இருந்த இடத்தையே அரிக்கத் தொடங்குகிறது.

ரத்தம் ஏற்றி, கசிவை நிறுத்தி, பிழைத்துவிட்டார் என்று நாங்கள் மூச்சுவிட்ட மறுநாள்தான் உங்களுக்கு மேல்வயிற்றில் வலி எடுத்தது. முதுகுவரை குத்துகிறது என்றீர்கள். படுக்க முடியாமல், தலையணையை வயிற்றோடு அணைத்து, முன்னால் குனிந்தபடியே விடியவிடிய உட்கார்ந்திருந்தீர்கள். கணையம் சுரக்கும் நொதிகளில் ஒன்றான லிபேஸ், ரத்தத்தில் இயல்பைவிட மூன்று மடங்குக்கு மேல் ஏறியிருந்தது. மற்ற காரணங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிய பிறகே, ரத்த ஓட்டம் குறைந்ததால் வந்தது என்றார் டாக்டர். இப்படி வருவது அரிது. ஊருக்குத் தெரியாததில் வியப்பில்லை. அதே நாட்களில் அதே காரணத்தால் உங்கள் சிறுநீரகமும் சுணங்கியதே, அதற்காக யாராவது உங்கள்மேல் பழி போட்டார்களா?

டீக்கடைக்குப் போங்கள், மாமா. மாத்திரைக்கு மட்டும் டாக்டரைக் கேளுங்கள். அலமாரியில் மிச்சமிருந்த அட்டைகளை அத்தையிடம் சொல்லிவிட்டு நான்தான் எடுத்துவந்தேன். செவ்வாய்க்கிழமை மறுபரிசோதனைக்கு முதல் பஸ்ஸில் வாருங்கள், அடிவாரத்தில் நிற்கிறேன்.

உங்கள் மருமகன்