எந்த எஃகில் கத்தி வாங்குவது?

புளியரை
ஆனி 14

அன்புள்ள சண்முகம்,

கார் நடவு முடியட்டும் என்று இருந்ததில் பதில் தள்ளிப்போய்விட்டது. இங்கே சாரல் நன்றாகப் பிடித்துக்கொண்டது. தங்கச்சிக்கு முட்டுவலி எப்படி இருக்கிறது?

பையன் ஜெர்மனியிலிருந்து வரும்போது மடக்குக் கத்தி வாங்கிவரச் சொல்கிறேன், எந்த எஃகு நல்லது என்று கேட்டிருந்தாய். மூன்று கத்திகளை மாற்றி மாற்றிப் பத்து வருடமாகச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். அதை வைத்துச் சொல்கிறேன்.

முதலாவது விக்டோரினாக்ஸ் என்ற சுவிஸ் கத்தி. அது துருப்பிடித்து நான் பார்த்ததே இல்லை. ஆனால் எஃகு மென்மையானது, கடினத்தை அளக்கும் ராக்வெல் அளவில் 56தான். வாழைக்கு முட்டுக் கட்டும் கயிற்றை ஒரு காலைப்பொழுது அறுத்தால் மழுங்கிவிடும். பீங்கான் கோப்பையைக் கவிழ்த்து, மெருகில்லாத அடிவிளிம்பில் பத்து இழுப்பு இழுத்தால் கூர் திரும்பிவிடும்.

மருமகன் கொடுத்தது டி2 என்ற வகை எஃகில் செய்த கத்தி. ஒரு மாங்காய் சீசன் முழுக்க மழுங்கவில்லை, அசந்துபோனேன். மழுங்கிய பிறகுதான் பாடு. நம் வீட்டுச் சாணைக்கல்லில் அரை மணி நேரம் தேய்த்தும் கூர் ஏறவில்லை. கடைசியில் வைரத்தூள் பதித்த தகடு வாங்க வேண்டிவந்தது. அதில் குரோமியம் 12 சதவீதம் இருக்கிறது, ஆனால் கார்பனும் 1.5 சதவீதம். குரோமியத்தில் பெரும்பங்கு கார்பனோடு சேர்ந்து கெட்டித் துகளாகிவிடுவதால் துருவைத் தடுக்க மிஞ்சுவது குறைவு. நனைந்த சட்டையில் இரண்டு நாள் மறந்து கிடந்ததில், அலகில் கடுகு பொரிந்த மாதிரி புள்ளி விழுந்துவிட்டது.

எனக்குப் பிடித்தது மூன்றாவது, குரோமியம் சேர்க்காத கார்பன் எஃகில் வந்த ஒப்பினெல் என்ற பிரெஞ்சுக் கத்தி. மெல்லிய அலகு, கல்லில் நாலு இழுப்பிலேயே மயிர் சிரைக்கும். வாழைக்காய்க் கறை பட்டுப் பட்டு அலகு கருநீலமாகிவிட்டது, அதனால் கெடுதல் இல்லை. அதைத்தான் ஒரு சாணைக்காரரிடம் கொடுத்து ஏமாந்தேன். மின்சக்கரத்தில் தண்ணீர் தொடாமல் பிடித்தார். நுனியில் நீலம் பாய்ந்துவிட்டது. ஏறக்குறைய 300 டிகிரி சூடு கண்டால்தான் அந்த நீலம் வரும். அங்கே தோய்ச்சல், அதாவது காய்ச்சித் தோய்த்து ஏற்றிய கெட்டி, போனது போனதுதான். இன்றைக்கும் அந்த அரை அங்குலத்தில் கூர் நிற்பதில்லை. எந்தக் கத்தியானாலும் சக்கரத்தில் கொடுக்காதே.

நீ இருப்பது கொல்லங்கோட்டுக் கடற்கரை. உப்புக் காற்றில் கார்பன் எஃகு வேண்டவே வேண்டாம். அதே ஒப்பினெல் 8ஆம் எண் அளவை 12சி27 என்ற, எளிதில் துருப்பிடிக்காத எஃகில் வாங்கிவரச் சொல். கார்பன் 0.6, குரோமியம் 13.5 சதவீதம். துகள் நுண்ணியது, உன் வீட்டுக் கல்லே போதும். மழையில் மரப்பிடி ஊறி மடக்க இறுகும். மூட்டில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு வை.

பையன் எஸ்30வி என்று இழுப்பான். வனேடியம் என்ற உலோகம் 4 சதவீதம் போட்ட எஃகு, கூர் ரொம்ப நாள் நிற்கும். அந்த வனேடியம் கார்பனோடு சேர்ந்து உண்டாகும் துகள் நம் கல்லைவிடக் கெட்டி, அதற்கும் வைரத்தகடுதான் வேண்டும். கடல்கரையில் தினம் கயிறும் மீனும் அறுக்கிற உனக்கு, நினைத்த நேரத்தில் தீட்ட முடிகிற கத்திதான் சரி.

அப்புறம், விமானத்தில் கைப்பையில் வைக்க வேண்டாம் என்று சொல், பிடுங்கிக்கொள்வார்கள். பெட்டியில் போட்டுவிடட்டும். கத்தி வந்ததும் முதலில் தேங்காய்க் கயிற்றை அறுத்துப் பார்த்து எழுது.

அன்புடன்,
முத்தையா