28 மில்லிமீட்டருக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

எங்கள் மகளுக்கு காக்ளியர் இம்பிளாண்ட் (செவி நரம்பை மின்துடிப்பால் தூண்டிக் கேட்க வைக்கும் கருவி) பொருத்தி, ஸ்விட்ச் ஆன் செய்து, இப்போது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறாள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் இல்லையென்றால் நாங்கள் இதை நினைத்தே பார்த்திருக்க முடியாது. டாக்டர், கேட்கும் திறனைச் சோதிக்கும் ஆடியாலஜிஸ்ட், பேச்சுப் பயிற்சி டீச்சர், விண்ணப்பத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்த மைத்துனர் எல்லோருக்கும் நேரிலேயே நன்றி சொல்லிவிட்டோம். நேரில் பார்க்க வாய்ப்பில்லாதவர்களுக்குத்தான் இந்த மடல்.

ஆபரேஷனுக்கு முன்பு டாக்டர், அந்தக் கருவியிலிருந்து உள்காதுக்குள் செலுத்தும் கம்பியான எலக்ட்ரோடின் மாதிரி ஒன்றை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். 28 மி.மீ. நீளம், நுனி அரை மி.மீ. இருந்தால் அதிகம். மெத்தென்ற சிலிகோனில் பிளாட்டினப் புள்ளிகள்: நுனிப்பக்கம் ஐந்தும் ஒற்றை, அப்புறம் ஏழு ஜோடி. நுனி மெலிந்திருக்கத்தான் அங்கே ஒற்றையாம். புள்ளிகளுக்குப் போகும் கம்பிகள் முடியைவிட மெல்லியவை. அவற்றை நேராக இழுக்காமல் அலை அலையாக நெளித்துப் பதித்திருக்கிறார்கள். அதனால்தான் எந்தப் பக்கம் வளைத்தாலும் திமிராமல் வளைகிறது.

எலக்ட்ரோடு போய்ச் சேரும் உள்காதுச் சுருளான காக்ளியா நத்தை ஓடு மாதிரி இரண்டரைச் சுற்று. விறைப்பான கம்பி அதன் சுவரில் முட்டி, உள்ளேயிருக்கும் சவ்வைக் கிழித்துவிடலாம். மிச்சமிருக்கும் கொஞ்சநஞ்சக் கேட்கும் திறனும் போய்விடும். கீச்சுக் குரல் அந்தச் சுருளின் வாசலிலேயே பதிவாகும், தாழ்ந்த குரலுக்கு உள்சுற்றுவரை போகவேண்டும். என்னுடையது கட்டைக் குரல். ஆகவே கம்பி வளைந்து உள்ளே போனதில் எனக்குச் சொந்த லாபமும் உண்டு.

1977இல் ஆஸ்திரேலியக் கடற்கரை ஒன்றில் சங்குக்குள் புல்லிதழை நுழைத்துப் பார்த்த, காக்ளியர் இம்பிளாண்ட் முன்னோடியான காது மருத்துவர் கிரீம் கிளார்க்குக்கு நன்றி. நுனி துவண்டு அடி விறைப்பாக இருந்தால் சுருளுக்குள் வழுக்கிப் போகும் என்று அவர் அங்கேதான் கண்டார். அதே ஆண்டு டிசம்பரில் வியன்னாவில் தங்கள் பலசேனல் கருவியை (ஒலியைப் பல தனித்தனி வழிகளில் நரம்புக்கு அனுப்புவது) பொருத்தவைத்த இங்கெபோர்க், எர்வின் ஹோக்மையர் தம்பதிக்கும் நன்றி. மகளுக்குள் இருப்பது அவர்கள் தொடங்கிய மெட்-எல் நிறுவனத்தின் கருவி.

எல்லோரையும்விட, ஆஸ்திரியாவின் இன்ஸ்புரூக் நகரில் மைக்ராஸ்கோப்பில் குனிந்து இந்த எலக்ட்ரோடைக் கையால் கோத்தவர்களுக்கு. கழுத்தும் கண்ணும் என்ன பாடுபடும் என்று ஊகிக்க முடிகிறது. செய்த பொருள் எந்த ஊருக்குப் போயிற்று என்பதுகூட உங்களுக்குத் தெரிந்திருக்காது. தமிழ்நாட்டுக்கு வந்தது. சென்ற முறை மேப்பிங்கில் (கருவியை மகளுக்கு ஏற்றபடி சரிசெய்வதில்) ஐந்து ஒற்றையும் ஏழு ஜோடியுமான 12 சேனலும் சரியாக வேலை செய்தன.

இப்படிக்கு,
ஒரு தகப்பன்