பொன்னாடைக்கு முன் இரண்டு கேள்விகள்

வடமேற்கு லண்டன் தமிழ்ச் சங்கங்கள், தமிழ்ப் பள்ளிகள், கோயில் அறங்காவலர் சபைகள் ஆகியவற்றின் நிர்வாகிகளுக்கு,

வணக்கம்.

காவிரியைப் பற்றி நம் மேடைகளில் நிறையப் பேசுகிறோம். நம் பக்கத்திலேயே ஓடும் செஸ் என்ற சிற்றாற்றைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. இத்தனைக்கும் நாம் குடிப்பது காவிரியை அல்ல. வாட்ஃபர்ட், ஹாரோ சுற்றுவட்டாரத்தின் குடிநீரில் கணிசமான பங்கு சில்ட்டர்ன் குன்றுகளின் சீமைச்சுண்ணாம்புப் பாறையிலிருந்து இறைக்கப்படுகிறது. கெட்டிலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அது அந்தப் பாறை கரைந்து வந்ததுதான்.

குளிர்கால மழை பாறைக்குள் மெல்ல இறங்கி, மாதக்கணக்கில் தங்கி, குன்றடியில் ஊற்றாக வெளிவருகிறது. அந்த ஊற்றுநீர் கோடையிலும் பனியிலும் ஏறக்குறைய 10, 11 டிகிரியிலேயே இருக்கும். ஓடையின் அடியில் கிடக்கும் கூழாங்கல்லை எண்ணலாம், அவ்வளவு தெளிவு. ட்ரவுட் மீன்களும் வெள்ளைப் பூப் பூக்கும் நீர்ச்செடிகளும் அந்தக் குளிர்ச்சியையும் தெளிவையும் நம்பியே வாழ்கின்றன. இத்தகைய ஓடைகளில் பெரும்பாலானவை உலகிலேயே இங்கிலாந்தின் தெற்கிலும் கிழக்கிலும்தான் உள்ளன. செஷம் ஊரில் தொடங்கி ரிக்மன்ஸ்வர்த்தில் கோல்ன் ஆற்றோடு சேரும் செஸ் அவற்றில் ஒன்று. மெட்ரோபாலிட்டன் பாதை ரயிலில் ஏறினால் அது தொடங்கும் ஊர் வரைக்கும் போகலாம்.

2019இல் அதன் மேற்பகுதி வறண்டுபோனது. மழை குறைந்தது ஒரு காரணம். பாறையிலிருந்து நாம் இறைத்தது மற்றொன்று. உள்ளூர் ஆற்று ஆர்வலர்களின் நெடுநாள் வற்புறுத்தலுக்குப் பிறகு, 2020இல் செஷம் பக்கத்து நிலத்தடி நீரெடுப்பு நிறுத்தப்பட்டது. மழை மிகுந்த ஆண்டுகளில் வேறொரு கொடுமை. நிலத்தடி நீர் உயர்ந்து, விரிசல் விட்ட கழிவுநீர்க் குழாய்களுக்குள் புகுகிறது. சுத்திகரிப்பு நிலையம் திணறுகிறது. முழுதாகச் சுத்திகரிக்காத கழிவு ஓடைக்குள் போகிறது. மழை பொய்த்தால் ஆறே இல்லை, மழை பெய்தால் ஆற்றில் சாக்கடை. இங்கிலாந்து முழுவதும் 2023இல் இப்படிக் கழிவுநீர் திறந்துவிடப்பட்ட நேரத்தைக் கூட்டினால் சுமார் 36 லட்சம் மணி நேரம் வருகிறது.

நம்மில் பாதிப்பேருக்காவது இதை விளக்கவே தேவையில்லை. யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக்கல்லின் மேல் இருக்கிறது. வற்றாத ஆறு கிடையாது, கிணறுதான் உயிர். அளவுக்கு மீறி இறைத்தால் கிணறு உவர்க்கும். தோட்டத்துக்குப் போட்ட உரம் குடிநீரில் வந்து சேரும். சுன்னாகத்துக் கிணறுகளில் கழிவு எண்ணெய் கலந்தபோது இங்கிருந்தே எத்தனை பேர் கொதித்தோம்! அந்தக் கோபத்தில் கொஞ்சத்தை இந்த ஊருக்கும் ஒதுக்கலாம்.

தண்ணீர் நிறுவனங்கள் குளிக்கும் நேரத்தைக் குறைக்கச் சொல்கின்றன. குறைப்போம், தப்பில்லை. ஆனால் குழாய்களில் விடும் நீரில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கசிந்து போகிறது. 1992இல் திறந்த கார்சிங்டன் நீர்த்தேக்கத்துக்குப் பிறகு இங்கிலாந்தில் பெரிய நீர்த்தேக்கம் ஒன்றும் புதிதாகப் பயன்பாட்டுக்கு வரவில்லை. 1989இல் தனியார் கைக்குப் போன துறை இது. குளியலறைக்குள் வந்து உபதேசம் செய்யும் தகுதி அவர்களுக்கு உண்டா என்று எனக்குச் சந்தேகம்.

ஆகவே என் வேண்டுகோள். தைப்பொங்கல் விழாவுக்கு எம்.பி. வருவார், கவுன்சிலர்கள் வருவார்கள். பொன்னாடை போர்த்துவோம், படம் எடுப்போம், அவர் 'வணக்கம்' சொன்னதற்குக் கைதட்டுவோம். இந்த முறை பொன்னாடைக்கு முன் இரண்டு கேள்விகள் கேளுங்கள். மற்ற ஓடைகளின் பாறையிலிருந்து இறைப்பது எப்போது குறையும்? இந்த ஓடைகளில் பெரும்பாலானவற்றுக்கு ஏன் இன்னும் தனிச் சட்டப் பாதுகாப்பு இல்லை? மிட்லண்ட்ஸிலிருந்து கிராண்ட் யூனியன் கால்வாய் வழியாக மாற்றுத் தண்ணீர் கொண்டுவரும் திட்டம் ஒன்று உருவாகி வருகிறது. அதன் செலவு நம் கட்டணத்தில்தான் ஏறும். ஏறட்டும் என்பேன் நான். ஆனால் அந்தப் பணத்துக்கு ஈடாக ஓடைகளுக்கு எவ்வளவு நீர் மிஞ்சும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். நீர்வளத் திட்டங்களுக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை பொதுமக்களிடம் கருத்துக் கேட்கிறார்கள். சங்கத்தின் பெயரில் ஒரு கடிதம் போகட்டும்.

கோயில் மடப்பள்ளிகளுக்குத் தனியாக ஒன்று: அன்னதானத்தில் மிஞ்சிய பொரித்த எண்ணெயைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றாதீர்கள். அது குழாயில் உறைந்து அடைத்தால் கழிவுநீர் பொங்கி ஆற்றுக்குத்தான் போகும்.

பள்ளிகளுக்கு: எடின்பரோ கோமகன் விருதுக்காக நம் பிள்ளைகள் தன்னார்வப் பணி தேடி அலைகிறார்கள். ஓடையில் இறங்கிப் பூச்சிகளின் இளம்புழுக்களை எண்ணி நீரின் நலத்தைக் கணிக்கும் பணிக்கு ஆட்கள் வேண்டியிருக்கிறது. முன்பயிற்சியும் தருகிறார்கள்.

எம்.பி.யிடம் கொடுக்க வேண்டிய கேள்விகளை ஆங்கிலத்தில் எழுதித்தர நான் தயார். அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் சேர்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஹாரோவில் தண்ணீர்க் கட்டணம் செலுத்தும் ஒரு தமிழர்