சித்தன்னவாசலுக்கு முன் திருக்கோகர்ணம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் பயணப் பகுதியைத் தவறாமல் வாசிக்கிறேன். எந்த ஊரைப் பற்றி எழுதினாலும் கோயில், அருவி, நல்ல சாப்பாட்டுக்கடை எல்லாம் வந்துவிடுகின்றன. அந்த ஊர் அருங்காட்சியகம் மட்டும் விடுபட்டுப் போகிறது. வந்தாலும் ‘நேரம் இருந்தால் பார்க்கலாம்’ என்று கடைசி வரியில்தான். என்னைக் கேட்டால், ஊருக்குள் நுழைந்ததும் முதலில் போக வேண்டிய இடமே அதுதான்.

புதுக்கோட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் நேரே சித்தன்னவாசலுக்குப் போகிறார்கள். அறிவர் கோயிலின் தாமரைக் குள ஓவியத்தையும் ஏழடிப்பட்டம் குகையிலுள்ள சமணப் படுக்கைகளையும் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். மலையைச் சுற்றியுள்ள பொட்டலில் வட்டம் வட்டமாகக் கிடக்கும் கற்களை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அவை பெருங்கற்கால மனிதர்களின் ஈமச்சின்னங்கள். புதுக்கோட்டை நகரிலேயே திருக்கோகர்ணத்தில் உள்ள அரசு அருங்காட்சியகத்துக்குப் போய், இறந்தவர்களை வைத்துப் புதைத்த முதுமக்கள் தாழியைப் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டுப் போனால், அந்தக் கற்களைக் கடக்கும்போது கால் தானாக நிற்கும். கீழே யாரோ புதைக்கப்பட்டிருக்கிறார்கள் என்பது அப்போதுதான் மனதில் தைக்கிறது.

அந்த அருங்காட்சியகம் 1910இல், புதுக்கோட்டை தனிச் சமஸ்தானமாக இருந்த காலத்திலேயே தொடங்கப்பட்டது. சிற்பங்கள், செப்புத் திருமேனிகள், பாடம் செய்த விலங்குகள், பாறை வகைகள் என்று ஒரு பெரிய உலகமே இருக்கிறது. எனக்கு அதில் மிகவும் பிடித்தது விரல் நகம் அளவே உள்ள ஒரு செப்புக்காசு. ஒரு பக்கம் அமர்ந்த கோலத்தில் அம்மன், மறுபக்கம் தெலுங்கு எழுத்தில் ‘விஜய’. தொண்டைமான் மன்னர்கள் வெளியிட்ட அம்மன் காசு இது. நவராத்திரியில் அரிசியோடு சேர்த்து மக்களுக்குக் கொடுப்பார்களாம். பின்னாளில் இந்தச் சின்னஞ்சிறு காசு இங்கிலாந்தின் பர்மிங்காமில் அச்சாகி வந்திருக்கிறது! காசில் இருக்கும் பிரகதாம்பாள் வேறு யாருமில்லை, அதே திருக்கோகர்ணத்தில் குடிகொண்டிருப்பவள்தான். பொருள் தொலைந்தால் நம் வீட்டுப் பெண்கள் வேண்டிக்கொள்ளும் அரைக்காசு அம்மன். காசைப் பார்த்த கையோடு குடைவரைக் கோயிலுக்குப் போய் அவளை வணங்கினால், ஒரு சமஸ்தானத்தின் கதையே கண்முன் வந்துவிடும்.

தருமபுரியிலும் இப்படித்தான். ஆநிரை மீட்கப் போய் உயிர்விட்டவர்களின் நடுகற்களை அங்குள்ள அரசு அருங்காட்சியகத்தில் வரிசையாக வைத்திருக்கிறார்கள். ஒகேனக்கலுக்குப் போகிற வண்டிகளில் எத்தனை அங்கே நிற்கின்றன?

வண்டிகளை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. மாவட்ட அரசு அருங்காட்சியகங்களுக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை. அம்மன் கோயிலுக்குக் கூட்டம் வருவதும் அன்றைக்குத்தானே? பிரகதாம்பாளைத் தரிசிக்க வந்த குடும்பம், அவள் உருவம் பொறித்த காசைப் பார்க்காமலே ஊர் திரும்புகிறது. அப்புறம் இரண்டாம் சனிக்கிழமையும் விடுமுறை. பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லாத நாளில் பூட்டி வைத்தால் யார்தான் வருவார்கள்? ஊழியர்களுக்கு ஓய்வு வேண்டும், அதில் மறுபேச்சில்லை. அந்த ஓய்வைத் திங்கள், செவ்வாய் என்று வார நாளுக்கு மாற்றிக் கொடுக்கலாம். கோயில் வாசலிலும் சித்தன்னவாசல் நுழைவுச்சீட்டு தருமிடத்திலும் அருங்காட்சியகத்துக்கு வழி காட்டும் பலகை ஒன்று வைக்கலாம். அரசுக்கு இதெல்லாம் பெரிய செலவே இல்லை.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். இனி எந்த ஊரைப் பற்றிப் பயணக் கட்டுரை வந்தாலும், அங்குள்ள அருங்காட்சியகத்தின் பெயர், திறந்திருக்கும் நேரம், விடுமுறை நாள் ஆகியவற்றைக் கட்டுரையின் தொடக்கத்திலேயே கட்டம் கட்டிப் போடுங்கள். அங்கே தவறவிடக் கூடாத பொருள் ஒன்றின் படத்தையும் சேர்த்துப் போட்டால் பிள்ளைகளே பெற்றோரைக் கூட்டிக்கொண்டு போவார்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
தஞ்சாவூர்